அனுப்பாமல் விட்டவர்கள்

செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கள் குடும்பக் கல்லறையில் இருந்தவர்கள்: தோமி அத்தை, வயது எண்பத்தொன்று, இடுப்பில் புதிதாக வைத்த உலோகத் தண்டு, கையில் வாக்கர். ஹிரோஷிமாவிலிருந்து காரில் வந்த என் அக்கா மிதோரி. கோவில் துறவி ஜிக்கோ. அவருக்கு அன்றைக்கு அது இரண்டாவது சடங்கு. கல்தச்சர் ஒசாகி, அவருடைய சங்கிலிச் சக்கர வண்டி. நான், சோஹெய், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவன். கல்லுக்கு அடியில், ஐந்து எலும்புப் பானைகளில்: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அத்தையின் மகள் சாயோ.

கடைசி ஐந்து பேர் இருந்தார்களா என்பதுதான் தகராறு.

கல்லறையை மூட வந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. எங்கள் ஊர் ஒக்குதானியில் பதினோரு வீடு, நாலில்தான் ஆள். வருடத்துக்கு இருபது கல்லைப் பிடுங்குகிறேன், ஒன்றை நடுகிறேன் என்று ஒசாகி சொல்வார். அத்தை தனியாக இருந்த வீட்டில் ஜூலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இனி தனியாக இருக்க முடியாது என்று முடிவானது. ஹிரோஷிமாவில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் சேர வேண்டும். அக்டோபரில் வீட்டை இடிக்கிறார்கள். கல்லைத் துடைக்க ஆள் இல்லை என்பதால் எலும்புகளையும் அங்கே ஒரு கோவிலின் பொதுக் கல்லறைக்கு மாற்றுகிறோம்.

இதற்கெல்லாம் அத்தை ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள்.

"எல்லாரும் என்கூட வரணும். எல்லாரும்னா எல்லாரும்."

எல்லாரும் என்று அவள் சொன்னாலும் அது சாயோதான். கணவன் வீட்டார் அத்தையைக் குழந்தையோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே குழந்தை காய்ச்சலில் இறந்தது. ஐந்து வயது. எலும்பைக் கேட்டு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. தாத்தா எங்கள் கல்லறையைத் திறந்து பானையை உள்ளே வைத்தார். அது நடந்து ஐம்பத்து மூன்று வருடம். அத்தை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லைத் துடைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், பூ மாற்றினாள்.

கல்லறைக்கு அறுபத்திரண்டு படி. அத்தையால் ஏற முடியாது. ஒசாகி தன் வண்டியில் ஒரு மெத்தையைப் போட்டார்.

"கருங்கல்லத் தவிர இதுல யாரும் ஏறினதில்ல" என்றார்.

"நான் கருங்கல்ல விட லேசு. மெதுவா ஓட்டு. இன்னொரு இடுப்பு எங்கிட்ட இல்ல."

வண்டி படியோரச் சரிவில் குலுங்கிக் குலுங்கி ஏறியது. அத்தை இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தாள்.

மேலே எல்லாம் தயாராக இருந்தது. கல்லுக்குப் பின்னால் நட்டிருந்த நீள மரப்பலகைகளை, ஒவ்வொரு நினைவு நாளுக்கும் கோவில் எழுதிக் கொடுத்தவற்றை, ஒசாகி பிடுங்கிக் கட்டி வைத்திருந்தார். முதலில் துறவி ஓதி, கல்லிலிருந்து உயிரை வெளியே எடுக்க வேண்டும். அதற்கப்புறம் அது வெறும் கல். அதற்கு முன் ஒசாகி தொட மாட்டார். அவர் அப்பாவும் தொட்டதில்லை.

துறவி ஊதுவத்தியைப் பற்றவைத்தார். அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு கல் அருகே போய்க் குனிந்தாள்.

"சாயோ, இன்னைக்கு வண்டி வரும். பெரிய கார். பயப்படாத. அம்மா முன் சீட்ல இருப்பேன். தாத்தா மடியில உக்காந்துக்கோ."

"அத்தை, அவங்க இங்க இல்ல" என்றேன்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். "யாரு?"

"யாருமே இல்ல. வீட்டுல இருக்காங்க. பதினாறாந்தேதி நான் அனுப்பல."

ஏன் சொன்னேன் என்பதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. பத்து மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு வந்தவனுக்கு ஒரு பொய்யைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பிருக்காது.

நடந்தது இதுதான். ஓபோன் பண்டிகைக்கு ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி கல்லறைக்குப் போய் இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பதினாறாம் தேதி வாசலில் நெருப்பு வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வருடம் அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. பதிமூன்றாம் தேதி அத்தை போனில் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தேன். கல்லறையில் விளக்கை ஏற்றினேன். கல்லுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து தடவை வீட்டுக்கு நடந்தேன். ஒருத்தருக்கு ஒரு நடை என்பது அத்தையின் சட்டம். வீட்டில் படையல் தட்டு போட்டு, சோறும் தண்ணீரும் வைத்து, அவர்கள் ஏறி வேகமாக வருவதற்குக் குச்சிக் கால் செருகிய வெள்ளரிக்காய்க் குதிரையும் மெதுவாகப் போவதற்குக் கத்தரிக்காய் மாடும் செய்து வைத்தேன்.

நான் வேலை செய்வது சாப்பாட்டுப் பெட்டித் தொழிற்சாலையில். ஓபோன் விடுமுறையில் ஊரே பெட்டிச் சாப்பாடு வாங்கும். பதினைந்தாம் தேதி இரவு பதினாறு மணி நேரம் வேலை. காலையில் என் அறைக்கு வந்து கொஞ்சம் கண்ணை மூடினேன். எழுந்தபோது அடுத்த வேலைக்குக் கிளம்பும் நேரம். கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அத்தை கேட்டாள். நல்லா எரிஞ்சுதா என்றாள். நல்லா எரிஞ்சுது என்றேன். புகை எந்தப் பக்கம் போச்சு என்றாள். மலைப் பக்கம் என்றேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. செத்தவர்கள் செத்தவர்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போய்த் தட்டைக் கலைக்கவும் இல்லை. வாசல் வரை இரண்டு தடவை போனேன்.

மிதோரிதான் முதலில் வாய் திறந்தாள். "டேய், அஞ்சு வாரம்! அஞ்சு வாரமா இத வயித்துல வச்சுக்கிட்டு இன்னைக்குக் காலைல, இந்த நேரத்துலதான் சொல்லணுமா?"

"நேத்து சொல்லியிருந்தா?"

"நேத்து சொல்லியிருந்தா நேத்தே திட்டியிருப்பேன். இன்னைக்கு எனக்கு நேரமில்ல."

அத்தை என்னைத் திட்டவில்லை. "தண்ணி?" என்றாள்.

"என்ன தண்ணி?"

"தினம் தண்ணி மாத்தினியா? பதினாறுக்கு அப்புறம்?"

"இல்ல."

"அஞ்சு வாரமாத் தண்ணி இல்லாம" என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

துறவி தொண்டையைச் செருமினார். "தோமியம்மா, ஓதுறதுக்குத் தூரம் ஒரு கணக்கே இல்ல. நான் இங்க ஓதினா அவங்களுக்கு எங்க இருந்தாலும் கேக்கும்."

"சாமி, நீங்க ஓதுறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்க மாட்டேங்குது."

ஒசாகி சிரித்துவிட்டு, துறவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எனக்கு எதுவானாலும் சரி. கல்லுல ஆள் இல்லன்னா நேரா பிடுங்கிடலாம். ஆனா ரெண்டு மணிக்கு மழைன்னு சொல்றான். மழை வந்தா வண்டி எறங்காது. இன்னைக்கு விட்டா எனக்கு நவம்பர்தான்."

"அத்தை, யோசிங்க" என்றாள் மிதோரி. "வீட்டுல வச்சுக் கும்பிடுற பேர்ப்பலகை அஞ்சும் போன வாரமே என் வீட்டுக்கு வந்தாச்சு. அவங்க அதுலதான இருப்பாங்க? அப்போ எல்லாரும் ஏற்கெனவே ஹிரோஷிமாவுல இருக்காங்க. நாமதான் பாக்கி."

"பலகை வந்துச்சு. அவங்க ஏறினாங்களான்னு யார் பாத்தா? விருந்துக்கு வந்து தட்டு முன்னாடி உக்காந்திருக்காங்க. போகலாம்னு ஒருத்தரும் சொல்லல. சொல்லாம எப்படி எந்திரிப்பாங்க?"

"அஞ்சு மணிக்குள்ள சேரணும். இல்லன்னா படுக்கைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"குடுக்கட்டும். என் பொண்ண பூட்டின வீட்டுல விட்டுட்டு நான் எந்தப் படுக்கைல போய்ப் படுக்க? அடுத்த மாசம் கூரைய இடிக்கப் போறான். அவ உள்ள இருப்பா."

 அத்தை வாக்கரைக் கல்லுக்கு முன்னால் ஊன்றி நின்றுகொண்டாள். ஒசாகி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு சிகரெட் எடுத்தார்.

துறவி கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே அனுப்பிடுவோம். வீட்டுக்குப் போய் நெருப்பு வச்சு, இங்க கூட்டிட்டு வந்து, அப்புறம் ஓதுறேன்."

"தேதி தாண்டிடுச்சே" என்றாள் அத்தை.

"ரயிலத் தவற விட்டா அடுத்த ரயில்ல ஏறுறதில்லையா?"

"நம்ம ஊருல அடுத்த ரயில் சாயங்காலம்தான் சாமி" என்றாள் மிதோரி.

"இது ஹிகான் வாரம். இந்தக் கரையும் அந்தக் கரையும் கிட்டக் கிட்ட இருக்குற வாரம். இதவிட நல்ல நாள் ஓபோன்லயே கிடையாது." அவர் நிஜமாகச் சொன்னாரா, இரண்டு மணிக்கு வேறு வீட்டில் சடங்கு இருந்ததால் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அத்தை தலையாட்டினாள். அது போதும்.

நெருப்புக்குச் சணல் தண்டு வேண்டும். ஆகஸ்டில் எல்லாக் கடையிலும் கட்டுக் கட்டாகக் கிடக்கும், செப்டம்பரில் எங்கும் கிடைக்காது. ஒசாகி பிடுங்கி வைத்திருந்த மரப்பலகைகளைப் பார்த்தார். துறவியும் பார்த்தார்.

"எப்படியும் கோவில்ல கொண்டுபோய் எரிக்கத்தான போறோம்" என்றார் துறவி. ஒசாகி கைக்கோடாரியால் நாலைப் பிளந்தார். அப்பாவின் ஏழாம் வருடப் பலகை நன்றாகக் காய்ந்திருந்தது.

வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர். ஒசாகியின் லாரியில் அத்தையும் துறவியும், நாங்கள் அக்காவின் காரில்.  ஒரு வளைவில் மிதோரி, "மலைப் பக்கம்னு வேற சொல்லியிருக்க" என்றாள்.

கதவைத் திறந்ததும் புளித்த வாடை. மின்சாரம், தண்ணீர் இரண்டையும் போன வாரம் துண்டித்துவிட்டார்கள். தட்டு அப்படியே இருந்தது. வெள்ளரிக்காய் கறுப்புக் குழம்பாகித் தட்டில் ஒட்டியிருந்தது. கத்தரிக்காய் சுருங்கி, வெள்ளைப் பூஞ்சணம் பூத்து, நாலு காலையும் பரப்பிப் படுத்திருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு வளையம் மட்டும்.

அத்தை தட்டு முன்னால் வந்து நின்று தலை குனிந்தாள். "மன்னிச்சுக்கோங்க. பையன் தூங்கிட்டான்."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "தண்ணி குடு."

குழாயில் தண்ணீர் இல்லை. என் பையில் வேலைக்கு எடுத்துப் போன பார்லித் தேநீர் பாதி பாட்டில் இருந்தது. கிண்ணத்தைத் துடைத்து அதை ஊற்றினேன்.  அத்தை காத்திருந்தாள், அவர்கள் குடித்து முடிக்க ஆகும் நேரம்.

"இந்த மாட்ட நம்பி யாரும் ஏற மாட்டாங்க" என்றாள் பிறகு.

மிதோரி பின்பக்கத் தோட்டத்துக்குப் போனாள். களைக்குள் தேடி, தோல் தடித்த ஒரு சின்னக் கத்தரிக்காயோடு வந்தாள். அவளுடைய நல்ல காலுறையெல்லாம் ஒட்டுப்புல். என் பையில் தொழிற்சாலைக் குச்சிகள் இருந்தன, சாப்பாட்டுப் பெட்டியோடு வைப்பவை. ஒடித்து நாலு கால் செருகினேன்.

"கால் குட்டை" என்றாள் அத்தை. "எங்கண்ணன் ஏறினா ஒடிஞ்சிரும்."

"அப்பா வேணும்னா நடந்து வரட்டும்" என்றாள் மிதோரி.

"உயிரோட இருந்தப்பவே அவன் நடந்ததில்ல. குடிச்சிட்டு வந்தா ரெண்டு பேர் தூக்கிட்டு வருவாங்க."

வாசல் படிக்குக் கீழே ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து ஒசாகி நெருப்பு மூட்டினார். பலகைகள் பற்றிக்கொண்டன. துறவி ஓதினார், இந்தத் தடவை உரக்க. புகை மலைப் பக்கம் போகவில்லை. வாசல் வழியாக நேராக வீட்டுக்குள் போனது. காற்று தெற்கிலிருந்து வந்தது, அவ்வளவுதான். மிதோரி இருமினாள். அத்தை புகையையே பார்த்துக்கொண்டு கூடத்தில் நின்றாள்.

"புகை போய்ச் சொல்லியாச்சு அவங்களுக்கு" என்றாள். "இனி தூக்கணும். சாமி, எங்கப்பாவ நீங்க தூக்குங்க. அவருக்குச் சாமியார்னா மரியாதை."

துறவி தட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கையைப் பின்னால் கட்டினார். அவருக்கும் முழங்கால் சரியில்லை.

"மிதோரி, நீ உங்கம்மாவ. சோஹெய் அவங்கப்பன."

"அப்போ பாட்டி?" என்றாள் மிதோரி.

நெருப்பைக் காலால் கலைத்துக்கொண்டிருந்த ஒசாகி நிமிர்ந்தார். "நான் வேணா தூக்கட்டுமா? வேலைதான எனக்கு."

"தூக்கு. எங்கம்மா உங்கப்பன்கிட்ட இந்தக் கல்லு கோணல்னு சாகுற வரைக்கும் சண்ட போட்டவ. உன்ன அவளுக்குத் தெரியும்."

"நெசமாவே கோணல்தான். இன்னைக்குத்தான் பாத்தேன்" என்று ஒசாகி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குனிந்தார்.

பாக்கி சாயோ. அத்தை வாக்கரில் இருந்து ஒரு கையை எடுத்துப் பின்னால் கொண்டுபோனாள். உடம்பு சாய்ந்தது. மிதோரி ஓடிப் பிடித்தாள். அத்தை மறுபடி முயன்றாள். மறுபடி சாய்ந்தது. வாக்கருக்கு இரண்டு கை வேண்டும். பிள்ளையைத் தூக்கவும் இரண்டு கை வேண்டும்.

"அத்தை, நான் தூக்குறேன் சாயோவ" என்றாள் மிதோரி. "அம்மாவ விட்டுட்டு ரெண்டாவது நடை வரேன்."

"உன்ன அவ பாத்ததே இல்ல. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே போயிட்டா. தெரியாதவங்க முதுகுல ஏற மாட்டா. அழுவா."

மிதோரி என்னைப் பார்த்தாள். என்னையும் சாயோவுக்குத் தெரியாது. மணி பத்தே முக்கால்.

நான் அத்தைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "ஏறுங்க."

"உங்கப்பன்?"

"நீங்க முதல்ல ஏறுங்க."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "அவன் மாட்டுல வரட்டும். ஒடிஞ்சா ஒடியட்டும்."

மிதோரி அவளைத் தூக்கி என் முதுகில் சாத்தினாள். முப்பத்தேழு கிலோ. தொழிற்சாலையில் நான் தூக்கும் அரிசிப் பெட்டி பதினைந்து கிலோ. இரண்டரைப் பெட்டிக்கும் கொஞ்சம் குறைவு. அவள் தொடைக்கு அடியில் கையைக் கொடுத்து எழுந்தேன். கழுத்தைச் சுற்றிக் கை வரவில்லை.

"அத்தை, கழுத்தப் பிடிங்க."

"பிடிச்சா இவ விழுந்துருவா."

பார்க்க முடியவில்லை, ஆனால் தெரிந்தது. அவள் இரண்டு கையையும் தன் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். பிடிமானமே இல்லாமல் என் மேல் கிடந்தாள். நான் நிமிர்ந்தால் அவள் பின்னால் சாய்வாள். ஆகவே குனிந்தேன். தரையைத் தவிர எதுவும் தெரியாத அளவுக்குக் குனிந்தேன். துறவி தாத்தாவைத் தூக்கிய கோலத்திலேயே பக்கத்தில் வந்து, தோளால் அத்தையின் தோளுக்கு முட்டுக் கொடுத்தார்.

"ஒரு கைய எடுத்துப் பிடிங்க சாமி" என்றேன்.

"எடுத்தா உங்க தாத்தா?" என்றார். கையை எடுக்கவில்லை.

நிலைக்கு வந்தோம். வாசலுக்கு மூன்று கல்படி. முதல் படியில் காலை வைத்தபோது அத்தையின் உடம்பு இடப்பக்கம் சரிந்தது. நான் வலப்பக்கம் சரிந்தேன். அவள் கையை எடுக்கவே இல்லை. என் காதுக்குப் பின்னால், எனக்கல்ல, "தலையக் குனிஞ்சுக்கோ, நிலை இடிக்கும்" என்றாள். இரண்டாவது படி. எனக்கு எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது படி. 

ஒசாகி முன்னால் போய், கையைப் பின்னால் கட்டியபடியே, லாரிக் கதவைக் காலால் திறந்து வைத்தார்.

"புகை மலைப் பக்கம் போச்சுன்னியே, படவா" என்றாள் அத்தை. இந்தத் தடவை எனக்கு.

"ஆமா. பொய்."

"தெரியுது." சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். அப்புறம் திரும்பாமலே குரல் கொடுத்தாள். "மிதோரி! மூடுறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவ கூப்பிட்டுப் பாரு. யாராவது தங்கிட்டாங்களான்னு."

மிதோரி அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அவள் ஹிரோஷிமாவில் வரி அலுவலகத்தில் பதினேழு பேருக்கு மேலதிகாரி. இருட்டுக் கூடத்தைப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் கேலி இல்லை. ஒருவர் உள்ளறையிலிருந்து எழுந்து வர ஆகும் நேரம் நின்றாள். எங்களில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை, ஒசாகி கூட.

"இல்ல அத்தை. யாரும் இல்ல."

"சரி. பூட்டு."

அத்தையின் கை அவள் முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தேன். பின்னால் மிதோரி ஒரு கையை மட்டும் விடுவித்து, துருப்பிடித்த கதவை இழுத்து மூடி, சாவியை இரண்டு தடவை திருப்பினாள்.